ஹலாலா என்று கேட்டோம். தய்யிபா என்று கேட்டோமா?

ஆரணிப் பக்கத்தில் ஒரு வலீமா விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். சீரகச் சம்பா பிரியாணியின் மணம் பந்தலுக்கு வெளியே வரை வந்து வரவேற்றது. பந்தியில் நமக்கு அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கையை இலையில் வைக்குமுன், பரிமாற வந்த இளைஞரிடம், "ஆட்டை யாரப்பா அறுத்தது?" என்று கேட்டார். "நம்ம பள்ளிவாசல் மோதினார்தான், பெரியத்தா" என்றார் அவர். பெரியவர் திருப்தியுடன் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணத் தொடங்கினார். முறையான கேள்வி, முறையான பதில். முஸ்லிமுக்கு அந்தப் பேணுதல் இருக்கத்தான் வேண்டும்.

அப்போது பெரியவரின் பேரப்பிள்ளை, பத்து வயதிருக்கும், "அரிசி எங்கேயிருந்து வந்தது நன்னா?" என்று கேட்டான். "மண்டியிலிருந்து வந்தது. அரிசிக்கு என்னடா ஹலால் ஹராம்? சாப்பிடு" என்றார் பெரியவர். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நமக்குச் சங்கடமாகவே இருந்தது. ஏனென்றால், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடன் நமக்கே இருந்தது. அதைப் பிறகு சொல்வோம்.

இரண்டு சொற்கள்

திருமறையில் உணவைப் பற்றிப் பேசும்போது வல்ல அல்லாஹ் 'ஹலால்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 'ஹலாலன் தய்யிபன்' என்று இரண்டையும் இணைத்தே கூறுகின்றான். அல்பகரா, அல்மாயிதா, அல்அன்ஃபால், அந்நஹ்ல் ஆகிய நான்கு ஸூராக்களில் இந்த இணைப்பைக் காணலாம். அதிலும் அல்பகராவில் 168-ஆம் வசனத்தின் அழைப்பு விசுவாசிகளுக்கு மட்டும் உரியதன்று. மனிதகுலம் முழுமைக்கும் உரியது.

ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்றால் தூயது, நல்லது, இனியது. உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு செய்யாதது என்று இந்த வசனத்திற்கு இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகின்றார்கள். முதற்சொல்லுக்குரிய கேள்வியை நாம் கறிக்கடையில் கேட்டுவிடுகின்றோம். இரண்டாம் சொல்லுக்குரிய கேள்வியை எங்கே கேட்கின்றோம்?

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. அப்படி நாவால் துணிந்து சொல்வோரை அந்நஹ்ல் ஸூராவே கண்டிக்கின்றது. மருந்தடித்த நெல்லின் சோறு ஹராம் என்றோ, கடைச் சோறு உண்டவன் பாவி என்றோ நாம் எழுத வரவில்லை. ஃபத்வாவுக்குரியவர்கள் உலமாப் பெருமக்கள். நாம் கேட்பது வேறு கேள்வி: நம் தட்டுக்கு வரும் சோறு, வரும் வழியில் மண்ணையும் நீரையும் உழைப்பவரின் உடலையும் அண்டை வீட்டாரின் உரிமையையும் கெடுத்துவிட்டு வந்தால், அதைத் தய்யிப் என்று நம் நெஞ்சு ஒப்புக்கொள்கின்றதா?

இந்த மண்ணின் கதை

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. காவிரிப் படுகையைப் போல வாய்க்கால் ஓடும் பூமி அல்ல இது. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து மணலாகக் கிடக்கும் நாட்களே அதிகம். தென்பெண்ணையில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை ஒரு பகுதிக்குத்தான் உதவும். மற்றபடி ஏரியும் கிணறும்தான் இங்குள்ள உழவரின் கதி. ஆகவே நம் முன்னோர் ஏரிக்குக் கீழே நெல்லும், மேட்டு நிலத்தில் கேழ்வரகு, கம்பு, சாமை, நிலக்கடலை, துவரை, அவரை என்பனவும் பயிரிட்டார்கள். வீட்டுச் சோறும் அதற்கேற்பவே இருந்தது. அரிசிச் சோறு பெருநாளுக்கும் விருந்துக்கும். மற்ற நாட்களில் களியும் கூழும்.

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டில் மழை பொய்த்தது. 1966-இல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாடுகளிலிருந்து வாங்கிக் கஞ்சி குடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஐ.ஆர்.8, ஏ.டி.டி.27 போன்ற புதிய நெல் ரகங்களும், இரசாயன உரமும், பம்புசெட்டும் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தன. இந்த மாற்றத்தை உலகமே கவனித்தது. 1973-74-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வட ஆற்காட்டுக் கிராமங்களிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் ஆய்வு செய்தார்கள். பத்தாண்டுகள் கழித்து 1983-84-இல் அதே வட ஆற்காட்டுக் கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து, ஹேஸல், இராமசாமி ஆகிய இருவர் 1991-இல் நூலாக வெளியிட்டார்கள். சிறு விவசாயிகளும் நிலமற்ற கூலிகளும் கூட அந்த மாற்றத்தால் பலன் பெற்றார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

நன்றி மறப்பது முஸ்லிமுக்கு அழகன்று. பசித்த வயிற்றுக்குச் சோறு போட்ட பசுமைப் புரட்சியை, வயிறு நிறைந்த பிறகு தூற்றுவது நியாயமில்லை. ஆனால் நன்றி சொன்ன பிறகு கணக்கும் பார்க்க வேண்டும். கிடைத்த ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு அன்றோ?

பத்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும்

முதற் கணக்கு நீரின் கணக்கு. விளைச்சலின் ஜகாத்தாகிய உஷ்ரைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். மழையாலும் ஊற்றாலும் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்கு. இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக புகாரி ஷரீஃபில் வரும் ஹதீஸ் இதற்கு ஆதாரம். அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடும்படி அல்அன்ஆம் ஸூராவின் 141-ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையும் அதே வசனத்தில் தொடர்ந்து வருவதைச் சிந்திக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கின்றது. தானியத்தின் மீது கடமை விதிக்கும்போதே, அதற்கு நீர் எங்கிருந்து வந்தது என்றும் ஷரீஅத் கேட்கின்றது. வானத்திலிருந்து இலவசமாக வந்த நீருக்கு ஒரு கணக்கு. பாடுபட்டு இறைத்த நீருக்கு வேறு கணக்கு. நம் பாட்டனார் காலத்தில் கவலை இறைத்தார்கள். விடியுமுன் இரண்டு காளைகளைப் பூட்டி, பறியில் நீர் மொண்டு, சரிவில் ஏறியும் இறங்கியும் அரை ஏக்கர் பாய்வதற்குள் மனிதனும் மாடும் களைத்துப் போவார்கள். அந்தக் களைப்புக்குத்தான் பாதிச் சலுகை.

இன்று ஆழ்துளைக் கிணறு போடச் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் போட்ட பிறகு இலவச மின்சாரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இருபதில் ஒன்று என்ற சட்டம் மாறிவிடவில்லை. ஆனால், மாடு களைத்தபோது நின்றுவிட்ட நீர், இன்று யார் களைத்தால் நிற்கும்? கிணறு வற்றினால்தான் நிற்கும். நம் மாவட்டத்தின் பல பகுதிகளை, ஊறும் நீரைவிட உறிஞ்சும் நீர் அதிகமான பகுதிகள் என்று நிலத்தடி நீர்த் துறையினர் வகைப்படுத்தி வைத்திருக்கின்றார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யாதீர்கள் என்று கற்பிக்கப்பட்ட உம்மத்து நாம்.

நம் கிணறும் அண்டைக் கிணறும்

இப்போது நம் கடனைச் சொல்கின்றோம். நம் குடும்பத்திற்குப் போளூர் சாலைப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. நம் திறந்த கிணறு காய்ந்தது. கையில் பணம் இருந்தது. 600 அடி துளையிட்டோம். அல்ஹம்துலில்லாஹ், நீர் பீறிட்டு வந்தது. சொர்ணவாரிப் பட்டத்தில் நெல் வைத்தோம், அமோகமாக விளைந்தது. உஷ்ரை மரக்கால் தவறாமல் அளந்து கொடுத்தோம். மனம் குளிர்ந்தது.

நம் வரப்புக்கு அப்பால் ஒரு மாற்றுமத அன்பரின் ஒன்றரை ஏக்கர். வயதானவர். கத்தரியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்து வந்தவர். ஒரு நாள் காலை வரப்பில் நின்றுகொண்டு, "பாய், ராத்திரி பூரா உங்க மோட்டார் ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கதிர் வாங்குற நேரம், அதான்" என்றோம்.

"இல்ல, சும்மாதான் கேட்டேன். நம்ம கெணத்துல ஊத்து நின்னுபோச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருடைய மகன் மனைவி மக்களோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

நமக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் நாம் விசாரித்தோம். சொந்த நிலத்தில் கிணறு தோண்டி, அதனால் அடுத்தவர் கிணற்று நீர் இறங்கிப் போனால், தோண்டியவர் மீது நஷ்டஈடு விதிப்பதற்கில்லை என்று நம் ஹனஃபி சட்ட நூல்கள் கூறுவதை அவர் எடுத்துக் காட்டினார். பூமிக்கடியில் உள்ள நீர் யாருக்கும் சொந்தமாக்கப்பட்டதல்ல என்பது காரணம். நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆலிம் நூலை மூடவில்லை. "இது காஜியார் தீர்ப்பு. அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள கணக்கு வேறு" என்றார். பிறகு இரண்டு ஹதீஸ்களை நினைவூட்டினார். தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு வெட்டினால், அதைச் சுற்றி நாற்பது முழம் அவருடைய கால்நடைகளுக்கென ஒதுக்கப்படும் என்பது ஒன்று. அந்த எல்லைக்கு 'ஹரீம்' என்று பெயர். ஒரு கிணற்றை இன்னொரு கிணறு கெடுத்துவிடாதபடி, பம்புசெட்டைக் கனவிலும் காணாத காலத்திலேயே வேலி போட்டுவிட்டது நம் மார்க்கம். தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது மற்றொன்று.

வாபிஸா (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த உபதேசமும் நினைவுக்கு வந்தது. மக்கள் ஃபத்வா கொடுத்தாலும் உன் நெஞ்சிடமும் ஃபத்வா கேள் என்பது அதன் கருத்து. நம் நெஞ்சிடம் கேட்டோம். அந்த ஆண்டு விளைந்த நெல் ஹலால், அதில் ஐயமில்லை. ஆனால் தய்யிப் என்று சொல்ல நெஞ்சு இசையவில்லை. அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து அச்சமற்று இருந்தால்தான் ஈமான் நிறைவு பெறும். அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்று அங்கே கேள்வி இல்லை.

மருந்துத் தெளிப்பவரின் மூச்சு

இரண்டாவது கணக்கு மனித உடலின் கணக்கு. பூச்சிமருந்து தெளிக்கும் கூலியாள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வயலில் இறங்குகின்றார். 2017-இல் மராட்டிய மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் நச்சேறி இறந்தார்கள். அந்தப் பருத்தியில் நெய்த துணி யார் உடலில் இருக்கின்றதோ, யாருக்குத் தெரியும்?

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஏவப்பட்டவர்கள் நாம். வியர்வையோடு நஞ்சும் அவர் தோலுக்குள் இறங்கியிருந்தால், கொடுத்த கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடுமா? நிலம் வைத்திருக்கும் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் வாங்கித் தராமல் மருந்தடிக்க அனுப்புவது அமானிதத்திற்கு மோசம் செய்வதாகும். வேப்பங்கொட்டைக் கரைசலும் பயிர் மாற்றமும் போதுமான இடத்தில் நஞ்சைத் தேடிப் போவது விரயத்தோடு கூடிய தீங்கு.

ஊதிப் பறக்கவிட்ட உமி

மூன்றாவது கணக்கு நம் சொந்த உடலின் கணக்கு. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று புகாரி ஷரீஃபில் இருக்கின்றது. நபித்துவம் கிடைத்த நாள் முதல் வஃபாத்தாகும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் சலித்து வெளுத்த மாவைக் கண்டதே இல்லை, சல்லடையும் கண்டதில்லை. அப்படியானால் வாற்கோதுமையை எப்படி உண்டீர்கள் என்று கேட்டபோது, அரைத்து ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதைப் பிசைந்து உண்போம் என்ற கருத்தில் அவர்கள் விடை கூறினார்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்களின் ரொட்டி தவிட்டோடு கூடிய ரொட்டி.

நம் அரிசியோ மல்லிகைப் பூப்போல வெளுத்திருக்க வேண்டும். நெல்லின் தவிட்டில்தான் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. அதைத் தீட்டித் தீட்டி மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் மாவுச்சத்தை நாம் உண்கின்றோம். பிறகு அதே வைட்டமினை மருந்துக்கடையில் மாத்திரையாக வாங்குகின்றோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. ஜுமுஆவுக்கு வரும் ஜமாஅத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆய்வே தேவையில்லை.

இங்கும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. சாமையும் தினையும் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும் என்று இப்போது பெரிய விளம்பரங்கள் வருகின்றன. அதே ஆய்வுக் குழுவினர் 2025-இல் வெளியிட்டது வேறு: நம் மக்கள் பெறும் உணவுச் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது, அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியத்தை அதே அளவு உண்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, அதில் ஒரு பகுதியைப் பருப்பு, பால், முட்டை போன்றவற்றுக்கு மாற்றினால் நன்மை உண்டு. தானியத்தை மாற்றுவது பாதி வேலை. அளவை மாற்றுவது மறு பாதி. வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று மிக்தாம் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த அளவுகோல் இதைத்தானே சொல்கின்றது?

ஒரே நாளில் மாற்றலாமா?

'அப்படியானால் நாளையே உரத்தையும் மருந்தையும் தூக்கி எறிந்துவிடலாமே' என்று சிலர் ஆவேசமாகக் கூறுவர். அண்டை நாட்டைப் பார்த்து அறிவு பெற வேண்டும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. உழவர்களுக்கு மாற்று உரமும் இல்லை, பழக அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது; அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் வதைபட்டது ஏழையின் வயிறு.

நம் மார்க்கத்தின் வழி அதுவன்று. மது முழுமையான தீமையாக இருந்தும், அல்லாஹ் அதை ஒரே நாளில் தடுக்கவில்லை. அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் அறிவித்தான். பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்றான். உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முற்றாக விலக்கினான். ஒரு சமுதாயத்தின் பழக்கத்தை மாற்றும் ஹிக்மத் இதில் இருக்கின்றது.

படிப்படியாக மாற வழிகளும் இருக்கின்றன. திருந்திய நெல் சாகுபடி என்று நம் வேளாண் துறையினர் கற்றுக்கொடுக்கும் முறை 1980-களில் மடகாஸ்கர் தீவில் உருவானது. பதினான்கு நாள் நாற்றை ஒவ்வொன்றாக, அகல இடைவெளி விட்டு நட்டு, வயலில் நீரைத் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவது இதன் சாரம். வழக்கமாக ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போட்ட இடத்தில் இரண்டு, மூன்று கிலோ போதும், நீரும் மிச்சம்.

நம் மாவட்டத்திலேயே ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலைக் கிராமங்களில் மலைவாழ் மக்கள் சாமையை இன்றும் விடாமல் பயிரிட்டு வருகின்றார்கள். பம்புசெட்டு இல்லை, மழைதான். மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. கீழ்நாட்டு மக்கள் சாமையைக் கைவிட்டதற்கு ஒரு காரணம் அதன் சுவையன்று. உமி நீக்க உரலில் குத்திக் குத்திப் பெண்களின் கைகள் காய்த்துப்போனதே காரணம். இப்போது அந்த வேலைக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. பாதை திறந்திருக்கின்றது, நடக்க வேண்டியது நாம்.

வீட்டிலும் பள்ளியிலும்

ஏழைச் சகோதரரின் தலையில் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துபவரிடம் போய், 'இது தய்யிபா?' என்று கேட்பது அநீதி. கடையில் சாமையின் விலை அரிசியைவிட அதிகம். வசதியுள்ள வீடுகள்தான் முதலில் மாற வேண்டும். அவர்கள் வாங்கினால் விளைவிப்பவருக்கு விலை கிடைக்கும். விளைச்சல் பெருகினால் விலையும் எளியவருக்கு எட்டும்.

இல்லத்தரசிகளான சகோதரிகள் வாரத்தில் இரண்டு நாள் சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டட்டும். முழுக்கத் தீட்டாத அரிசியைக் கேட்டு வாங்கட்டும். காலையில் கேழ்வரகுக் கூழ் பிள்ளைகளுக்கு வெட்கமான உணவு அல்ல என்பதைத் தாய்மார்தாம் அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். நோன்புக் கஞ்சிக்கென அரசாங்கம் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகின்றது. அது ஏழைகளுக்குப் பேருதவி. அதோடு வாரம் ஒரு நாள் சாமைக் குருணையும் சேர்த்து, பூண்டும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சினால், அந்தக் கஞ்சியை மக்கள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். ஒளூச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் பள்ளிவாசல் வளாகத்தின் தென்னைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடலாம். வக்ஃபு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, நஞ்சைக் குறைக்கவும் நீரைச் சிக்கனம் செய்யவும் இணங்குபவருக்கு முதலிடம் தரலாம். ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பதை நாம் கேட்டிருக்கின்றோம். அந்த ஸதகாவின் பலனை நஞ்சு கலந்து கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலீமா வீட்டார் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. இலையில் மிஞ்சி எறியப்படும் பிரியாணி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய கிணற்று நீர் இருக்கின்றது. பரிமாறும்போது கரண்டியைக் குறைத்து, கேட்டவருக்கு மறுபடி போடுங்கள்.

நம் நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகின்றோம். சொர்ணவாரி நெல்லை விட்டுவிட்டோம். ஒரு பட்டம் மட்டும் நெல். மேட்டுப் பகுதியில் கேழ்வரகும் நிலக்கடலையும். வருமானம் குறைந்தது உண்மை. வாரத்தில் இரண்டு நாள் நம் ஆழ்துளையிலிருந்து அண்டை அன்பரின் கத்தரிக்கு நீர் போகின்றது. அதற்குப் பணம் வாங்குவதில்லை. நீரில் மனிதர்கள் கூட்டாளிகள் என்பது நாம் கற்ற பாடம். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அவர் கிணற்றில் கொஞ்சம் நீர் தங்குகின்றது. பெங்களூருக்குப் போன மகன் திரும்பவில்லை. பெரியவர் நம்மை மன்னித்துவிட்டாரா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை. இதை எழுதியதும் அந்தக் கடனில் ஒரு பகுதி.

அந்த வலீமாவில் கேள்வி கேட்ட பிள்ளை இன்று நம்மிடம் அதே கேள்வியைக் கேட்டால் நாம் சிரிக்க மாட்டோம். "அரிசி மண்ணிலிருந்து வந்தது மகனே. வரும் வழியில் யாருக்கும் தீங்கு செய்யாமல் வந்ததா என்று நீ கேட்டது நல்ல கேள்வி. கேட்டுக்கொண்டே இரு" என்று சொல்வோம்.

எல்லாம் வல்ல ஏக நாயன் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, நம் அண்டை வீட்டாரின் கிணறுகளிலும் நம் நெஞ்சங்களிலும் ஊற்று வற்றாமல் காத்தருள்வானாக! ஆமீன்.